பைலட்டிடம் சொல்லக் கூடாதது

செத்துப்போன மனைவியின் குரலைக் கேட்கப் போகும்போது என்ன சட்டை போட்டுக்கொள்வது என்று எலிசேயோ ஆர்ச்சுலேட்டாவுக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கடைசியில் கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு, மலையிலிருந்து இறங்கி ஆல்புகர்க்கி நகரத்துக்கு வண்டியை விட்டான்.

வக்கீல் கொரின் ஹால்டேன் விமான விபத்து வழக்குகளை மட்டுமே எடுப்பவள். சட்டம் படிப்பதற்கு முன்னால் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவள். முதுகில் ஏதோ பழைய அடி. நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றபடியே பேசுவாள். ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனாலேயே எலிசேயோவுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒரு வருஷமாக ஊரெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லி அவன் காது புளித்துப்போயிருந்தது.

போன வருஷம் பிப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஒரு ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் எலிசேயோவின் ஊரான லாஸ் ஓயாஸின் கணவாய்க்குக் கீழே மலைச்சரிவில் மோதி எரிந்தது. நோயாளியைக் கூட்டிவரப் போகும் வழியிலேயே விழுந்துவிட்டதால் உள்ளே நோயாளி இல்லை. பைலட் ராய்ஸ் டாலிவர், இசித்ரோ என்ற உதவியாளன், நர்ஸ் டெல்ஃபினா ஆகிய மூவரும் போய்விட்டார்கள். டெல்ஃபினா எலிசேயோவின் மனைவி.

விசாரணை வாரியம் ஆற அமர விசாரித்து, வானிலை மோசம் என்று தெரிந்தும் பைலட் கிளம்பியதே காரணம் என்று எழுதிக் கொடுத்தது. ஊர் அதை வாரியத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தது. பழியைச் செத்தவன் தலையில் போடுவது எல்லாருக்கும் வசதி. அவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. அதிலும் ராய்ஸ் வெளியூர்க்காரன், ஓக்லஹோமாவிலிருந்து வந்து இங்கே பழைய மண்வீடு ஒன்றை வாங்கி, ஆப்பிள் மரங்களோடு குடியேறியவன். உள்ளூர்க்காரன் என்றால் கொஞ்சம் யோசித்துத் திட்டியிருப்பார்கள்.

"டேப்பைப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லிடறேன்," என்றாள் கொரின். "அப்புறம் சொன்னா உங்க காதுல ஏறாது."

"சொல்லுங்க."

"ஏர் ஆம்புலன்ஸ்ல ஒரு விதி உண்டு. நோயாளி யாரு, என்ன வயசு, பொழைப்பானா மாட்டானா, எதையும் பைலட்டுகிட்ட சொல்லக் கூடாது. எங்க போகணும், வானம் எப்படி இருக்கு, அவ்வளவுதான் அவருக்கு. ஏன் தெரியுமா? சாகக் கிடக்கறது ஒரு பிள்ளைன்னு தெரிஞ்சா மனசு ஓட்ட ஆரம்பிச்சிடும். மனசுக்கு ஓட்டத் தெரியாது. இப்படி மனசு ஓட்டி விழுந்த வண்டிங்க நிறைய."

"டெல்ஃபினா சொல்லியிருக்கா. இன்னொண்ணுகூடச் சொல்லுவா. மூணு பேரும் சரின்னாதான் கிளம்பணும், ஒருத்தர் மாட்டேன்னாலும் அவ்வளவுதான்னு."

"சரி. இது ஹெலிகாப்டர் கம்பெனியோட அழைப்பு மையத்துக்கும் பைலட்டும் மத்தவங்களும் இருந்த அறைக்கும் நடுவுல இருந்த போன் லைன். மையத்துப் பொண்ணு வைக்க மறந்துட்டா, லைன் திறந்தே இருந்திருக்கு. வாரியம் இதைக் கேக்கவே இல்லை. கோர்ட்டு மூலமா நான்தான் பிடுங்கினேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். முதலில் ஏதோ கடக் கடக்கென்று சத்தம். எலிசேயோவுக்கு உடனே புரிந்துவிட்டது. டெல்ஃபினா பைன் கொட்டையைப் பல்லால் உடைக்கிறாள். பல் போய்விடும் என்று எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மையத்துப் பெண்ணின் குரல் வந்தது. "லாஸ் ஓயாஸ் கிளினிக்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். வானிலை பார்த்துச் சொல்றீங்களா?"

"பாத்துட்டேன்," என்றது நிதானமான ஓர் ஆண் குரல். "கணவாய் மேல மேகம் இறங்கிக் கிடக்கு. பனி வேற. முடியாது. வேற யாரையாவது கேட்டீங்களா?"

கொஞ்சம் தயங்கி, "பாத்துட்டுதான் இருக்கோம்," என்றாள் அந்தப் பெண்.

கொரின் நிறுத்தினாள். "இந்த இடம்தான் நம்ம கேஸ். அதுக்கு முன்னாடியே அவ வேற ஒரு கம்பெனியைக் கேட்டாச்சு. பனிக்குப் பயந்து அவங்க மாட்டேன்னு சொல்லியாச்சு. அதை இவங்ககிட்ட மறைச்சிட்டா. அம்மா தர மாட்டேன்னதும் அப்பாகிட்ட போய்க் கேக்கற பிள்ளை மாதிரி, ஒருத்தர் இல்லேன்னா அடுத்தவர்கிட்ட போறது. ஏற்கெனவே ஒருத்தர் மறுத்திருக்கார்னு கேள்விப்பட்டிருந்தா இவங்க பேச்சே வேற மாதிரி போயிருக்கும். இந்தக் கம்பெனி பயப்படறது இதுக்குத்தான்."

"மீதியைப் போடுங்க," என்றான் எலிசேயோ.

"மீதி கஷ்டமா இருக்கும்."

"போடுங்க."

கொட்டை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. நாற்காலி ஒன்று நகர்ந்தது, கதவு திறந்து மூடியது, சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தது. பிறகு டெல்ஃபினாவின் குரல்.

"ராய்ஸ், ஒண்ணு சொல்லணும்."

"நோயாளியைப் பத்தின்னா சொல்லாத."

"என் தம்பி பையன். நாலு வயசு. மூச்சு விட முடியாம கிடக்கான்."

"டெல்ஃபினா, என்ன பண்ற நீ," என்று இசித்ரோ சன்னமாகச் சொன்னான்.

"தப்புதான். உங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. மறந்துடு ராய்ஸ். நீ முடியாதுன்னா முடியாதுதான்."

"எப்படி மறக்கறது," என்றான் ராய்ஸ். அதில் கோபம் இல்லை. கேள்வியாகவே கேட்டான். பிறகு, "கணவாய் வரைக்கும் போய்ப் பார்ப்போம். மூடியிருந்தா திரும்பிடுவோம். இசித்ரோ?"

"சரி."

"டெல்ஃபினா?"

"சரி," என்றாள் டெல்ஃபினா.

எலிசேயோ மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக அவன் மனசில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. டெல்ஃபினா வேண்டாம் என்கிறாள், அந்த ஓக்லஹோமாக்காரன் கேட்காமல் இழுத்துக்கொண்டு போகிறான். அடக்கத்தன்று ராய்ஸின் மனைவி கையை நீட்டியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்தக் காட்சியின் பலத்தில்தான். இப்போது அது சுக்குநூறாகிவிட்டது.

"மையத்துல இருந்து பையனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை," என்றாள் கொரின். "முழுசும் திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். உங்க மனைவிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது," என்றான். தெரிந்துகொள்ளும் ஆசையும் அவனுக்கு இல்லை.

அவள் வற்புறுத்தவில்லை. கம்பெனி சமாதானத்துக்கு வந்திருக்கிறது என்றாள். கொடுக்கிற தொகை மோசமில்லை, மகள் அம்பாரோவின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றாள். நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்தப் பதிவில் இருப்பதைப் பற்றி யாரும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

"கையெழுத்துப் போட்ட பிறகு பேசினா உங்க மேல கேஸ் வரும். போடறதுக்கு முன்னாடி பேசினா சமாதானம் போச்சு. கோர்ட்டுல ஏறி இறங்கணும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பைலட்டோட சம்சாரத்துக்கு ஏதாச்சும் கிடைக்குமா?"

"அவர் கம்பெனி ஆளு. அவங்க கம்பெனி மேல கேஸ் போட முடியாது, சட்டம் அப்படி. உங்க மனைவி ஆஸ்பத்திரி ஆளா இருந்ததாலதான் உங்களுக்கு வழி. அந்தம்மாவுக்குன்னு மிச்சம் இருக்கறது அவர் பேரு மட்டும்தான். அதுவும் வாரியத்தோட அறிக்கையில போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியாது," என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஃபெர்மினின் வண்டி நின்றது. ஃபெர்மின் டெல்ஃபினாவின் தம்பி. பனி வாரும் லாரி ஒன்று முன்னால் போக, அதன் பின்னாலேயே ஊர்ந்துபோன ஆம்புலன்ஸ் அன்றைக்கு அவன் மகனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். அக்காவும் இசித்ரோவும் மலையில் கிடக்க, பிள்ளை பிழைத்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃபெர்மின் அதையெல்லாம் ராய்ஸ் மேல் கோபமாகக் கொட்டிக்கொண்டிருந்தான். சபையில், பெட்ரோல் பங்கில், கிளினிக் சுவரில் வரைந்த டெல்ஃபினாவின் படத்துக்கு முன்னால், எங்கே இரண்டு பேர் காது கொடுத்தாலும் அதே பேச்சுதான்.

"என்ன மச்சான், மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போயிருக்க," என்றான். அடுப்பில் அவன் கொண்டுவந்த பச்சை மிளகாய்க் குழம்பு சூடாகிக்கொண்டிருந்தது. "வக்கீலம்மா என்ன சொல்றா?"

"கம்பெனி ஒத்துக்கும் போல. அடுத்த வாரம் கையெழுத்து."

"அப்போ அவன் பண்ணினதுதான் தப்புன்னு முடிவாயிடுச்சு."

எலிசேயோ கை கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

"அக்கா குரலைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன பேசினா?"

"பைன் கொட்டை தின்னுட்டிருந்தா," என்றான் எலிசேயோ.

ஃபெர்மின் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குழம்பைக் கிண்டினான். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்பான் என்று எலிசேயோ எதிர்பார்த்தான். எதிர்பார்த்ததற்கு மாறாக, ஃபெர்மின் கேட்கவே இல்லை. கேட்காமல் வாய்க்கால் பேச்சுக்குத் தாவினான்.

"சனிக்கிழமை தூர் வார அவளே வர்றாளாம், அந்தப் பைலட் டாலிவர் பொண்டாட்டி. பள்ளத்தாக்கு முழுக்க ஆள் கேட்டு அலைஞ்சிருக்கா, ஒரு பயலும் கூலிக்குப் போகலை. எப்படிப் போவான்?"

"பங்கு இருக்கறவங்க வரத்தானே வேணும்."

"வரட்டும், வரட்டும். நானும் பாக்கறேன்," என்றான் ஃபெர்மின்.

லாஸ் ஓயாஸில் வாய்க்கால் பொதுச் சொத்து. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் யார் தோட்டத்துக்குப் போக வேண்டுமானாலும், வசந்தம் பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாரியாக வேண்டும். வராத வீட்டுக்கு முறைத் தண்ணீர் கிடையாது. வாய்க்காலுக்கு ஒரு தலைவர் உண்டு. சில வருஷங்களாக எலிசேயோதான். கையில் அளவுகோலோடு கரையில் நடந்து, ஆளுக்கு ஒரு நீளம் அளந்துவிடுவான். எல்லாரும் தங்கள் நீளத்தை முடித்ததும் அவன் குரல் கொடுப்பான். வரிசை அப்படியே நகர்ந்து அடுத்த நீளத்துக்குப் போகும். தலைவர் வாய்க்காலுக்குள் இறங்குவதில்லை. அது அவர் வேலை இல்லை.

சனிக்கிழமை காலையில் நல்ல கூட்டம். போன வருஷத்துச் சேறும் வில்லோ மர வேரும் வாய்க்காலை அடைத்துக் கிடந்தன. ராய்ஸின் மனைவி லவோன் டாலிவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி, காற்றில் சிவந்துபோன முகம். யாரையும் நேராகப் பார்க்காமல், காட்டிய இடத்தில் இறங்கிக் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு மேல்பக்கத்து நீளம் ஃபெர்மினுடையது. அவன் அதைப் பார்த்தான், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டான். கீழ்ப்பக்கத்து நீளத்துக்காரன் அவனைப் பார்த்தான், தானும் நகர்ந்துகொண்டான். வாய்ச்சண்டை இல்லை, ஒன்றுமில்லை. வரிசை நெடுக வேலை நடந்தது, அவளுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மட்டும் சேறு அப்படியே கிடந்தது. நடுவில் அவள் தன் நீளத்தைச் சுத்தமாக வெட்டி முடித்துவிட்டு, மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றி நின்றாள்.

"தலைவரே," என்று கரையிலிருந்து கிழவர் பெனிக்னோ கூப்பிட்டார். "ரெண்டு பல்லு விழுந்த வாய் மாதிரி கிடக்கு உன் வாய்க்கால். தண்ணி எப்படிப் போகும்?"

எலிசேயோவுக்கு அவமானமாக இருந்தது. அளவுகோலைக் கரையில் போட்டுவிட்டு, யாரோ வைத்திருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினான். வரிசை முழுக்க வேலை ஒரு கணம் நின்றது. அவன் எவரையும் பார்க்காமல் லவோனுக்கு மேல்பக்கத்துச் சேற்றை வெட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அவளும் தன் இடத்தை விட்டு வந்து கூடவே வெட்டினாள்.

"நன்றி," என்றாள்.

"தலைவர் வேலைதான்," என்று புளுகினான்.

இருவரும் ஒரு பெரிய வேரைச் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை. உங்க வக்கீல்கிட்ட பேப்பரெல்லாம் வந்திருக்கும் இல்லையா?"

எலிசேயோ மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"ராய்ஸ் முடியாதுன்னு சொல்றதுக்குப் பேர் போன ஆளு. மத்த பைலட்டுங்க அவரை 'வீட்டுக்காரர்'னு கிண்டல் பண்ணுவாங்க, வீட்டை விட்டு நகர மாட்டார்னு. வானம் லேசாக் கறுத்தாலே போதும் அவருக்கு. மேலதிகாரிகிட்ட திட்டுகூட வாங்கியிருக்கார், அசைய மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்னிக்கு ஏன் கிளம்பினார்?"

"லவோன்..."

"இருங்க, சொல்லிடறேன். அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. ஓக்லஹோமாவுக்கே திரும்பிப் போயிடலாம்னு நான் சொன்னேன், அவர் பார்க்கலாம் பார்க்கலாம்னார். எப்பவும் அதேதான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'உங்களுக்கு எதுக்குமே துணிச்சல் கிடையாது'ன்னு சொல்லிட்டேன்." அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவர் தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டார். பதிலே சொல்லலை. நான் சொன்னதுக்காகத்தான் அன்னிக்குப் பறந்து காட்டினாரோன்னு... இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க மனைவியும் இசித்ரோவும் செத்ததுக்கு நான்தான் காரணம்னா, அதையாவது நான் தெரிஞ்சுக்கணும்."

எலிசேயோவின் கை நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அங்கேயே மகள் அம்பாரோவும் இருந்தாள், கிளினிக் சுவரில் சிரிக்கும் டெல்ஃபினாவும் இருந்தாள். ஒரு வருஷமாக இந்தப் பெண் தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், படுத்திருக்கிறாள், தனியாக எழுந்திருக்கிறாள். பதில் அவனிடம் இருக்கிறது.

"சாப்பாட்டு நேரமாயிடுச்சு," என்றான். சொல்லிவிட்டுத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

பாப்லர் மர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரிய பானையில் அவரை, பச்சை மிளகாய், தோர்த்தியா ரொட்டி. லவோன் கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டு தள்ளி, வெயிலில், தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஃபெர்மின் வாய் நிறைய மென்றுகொண்டே, அவள் காதில் விழட்டும் என்று, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்:

"வானத்துல பறந்து காட்டினவன் பொண்டாட்டி மண்ணு அள்றா, பாத்தியா. அவனுக்கு வீரன்னு பேரெடுக்கணும்னு ஆசை. எங்கக்கா உசிருதான் அதுக்குக் கிடைச்சுது."

லவோன் ரொட்டியை மடியில் வைத்தாள். மறுக்கவில்லை. ஃபெர்மின் சொன்னதையே அவளும் நம்புகிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் எலிசேயோ ஒருவனுக்குத்தான் தெரியும்.

"மாப்ளே," என்றான் எலிசேயோ. குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அன்னிக்கு நீ அக்காவுக்குப் போன் பண்ணினியா?"

ஃபெர்மினின் வாய் மெல்வதை நிறுத்தியது. "என்ன கேக்கற?"

"பண்ணினியா இல்லையா, அதைச் சொல்லு."

"இப்ப எதுக்கு அது?"

"பண்ணின," என்றான் எலிசேயோ. "மையத்துல இருந்து யாரும் சொல்லலை. அவளுக்கு வேற எப்படித் தெரியும்?"

நிழலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபெர்மின் கையில் இருந்த தோர்த்தியாவைச் சுற்றுமுற்றும் எங்கே வைப்பது என்று தேடினான். அகப்படாமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"வானிலையால ஹெலிகாப்டர் வருமான்னு தெரியாதுன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க மச்சான்," என்றான். "பிள்ளைக்கு உதடு நீலமாயிடுச்சு. நெஞ்சு இப்படி உள்ள உள்ள போகுது. நான் யாரைக் கூப்பிடறது? அக்கா அங்க வேலைல இருக்கான்னு தெரியும். உங்க ஹெலிகாப்டரையாவது வரச் சொல்லுன்னு கேட்டேன். 'அது என் கையில இல்லடா, பைலட்டுகிட்ட நான் வாயைத் திறக்கக் கூடாது'ன்னா. நான்..." அவன் நிறுத்தினான். "நான் திட்டிட்டேன். நீயும் ஒரு அக்காவான்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு வெச்சிட்டேன்."

எலிசேயோவுக்கு அவன்மேல் பொங்கி வர வேண்டிய கோபம் வரவே இல்லை. அந்த நேரத்தில், அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, தானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இனி நிறுத்துவதற்கில்லை. இங்கே இத்தனை காதுகள் இருக்கின்றன. சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விடும், திங்கட்கிழமை கம்பெனிக்கும் போய்விடும். அம்பாரோவிடம் என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிக்க வேண்டியதுதான். அவன் எழுந்து, லவோன் இருந்த பக்கமாகத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ராய்ஸ் முடியாதுன்னு சொன்னார். நான் என் காதால கேட்டேன், டேப்புல இருக்கு. கணவாய் மூடியிருக்கு, பனி கொட்டுது, முடியாதுன்னு தெளிவாச் சொன்னார். வேற ஒரு ஹெலிகாப்டரும் மாட்டேன்னு சொன்னதை அவர்கிட்ட மறைச்சிட்டாங்க. அப்புறம் டெல்ஃபினா சொன்னா. என் தம்பி பிள்ளை, மூச்சு விட முடியாம கிடக்கான்னு. பைலட்டுகிட்ட அதைச் சொல்லக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். சொன்னதுமே, தப்புதான், மறந்துடுன்னு அவளே சொன்னா. எப்படி மறக்கறதுன்னு கேட்டார். கேட்டுட்டுக் கிளம்பினார். காலைல வீட்டுல நடந்தது எதுவும் அதுல இல்லை, லவோன். ஒரு வார்த்தைகூட இல்லை."

கிழவர் பெனிக்னோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தட்டையும் தரையையும் பார்த்தார்கள். பெண் ஒருத்தியைச் சேற்றின் நடுவில் தனியே நிறுத்திவிட்டு நாலு ஆள் தள்ளி நின்றது இப்போது அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"முதல்ல முடியாதுன்னுதான் சொன்னாரா?" என்று கேட்டாள் லவோன்.

"முதல்ல முடியாதுன்னுதான் சொன்னார்."

அவள் தலையை ஆட்டினாள். ரொட்டியைத் திரும்பக் காகிதத்தில் மடித்து வைத்தாள், ஏதோ அது ரொம்ப முக்கியமான வேலை என்பதுபோல. பிறகு எழுந்து, ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட, ஃபெர்மினை நோக்கி நடந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். அறையப்போகிறாள் என்றுதான் எலிசேயோ நினைத்தான். அறைந்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டான். ஃபெர்மினும் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எழுந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தைக் கொடுத்து நின்றான்.

"உங்க பையன் பேரு என்ன?" என்று கேட்டாள் லவோன்.

ஃபெர்மின் விழித்தான்.

"நான் தெரிஞ்சுக்கவே இல்லை," என்றாள். "தெரிஞ்சுக்கக் கூடாதுன்னே இருந்தேன். பேப்பர்ல போட்டிருந்தாங்க, கவுத்து வெச்சிட்டேன். கடையில யாராச்சும் அவனைப் பத்திப் பேசினா எழுந்து வெளியில போயிடுவேன். ராய்ஸுக்கும் தெரியாது, அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இப்ப சொல்லுங்க. என்ன பேரு?"

"நசாரியோ," என்றான் ஃபெர்மின். சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது.

"நசாரியோ," என்றாள் அவள். சொல்லிப் பார்த்துவிட்டு நின்றாள். கண்ணீர் தாடைவரை வழிந்து இறங்கியது, அவள் துடைக்கவில்லை. "இப்ப மூச்சு நல்லா விடறானா?"

ஃபெர்மின் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. லவோன் காத்துக்கொண்டே நின்றாள்.

"விடறான்," என்று எலிசேயோதான் சொல்ல வேண்டியிருந்தது. "நல்லா விடறான்."